சேர்வர் தாங்காதபோது யார் காத்திருப்பது?

2025 செப்டெம்பர் 6ஆம் திகதி செங்கடலில், ஜித்தா நகருக்கு அருகே, கடலடிக் கேபிள்கள் அறுந்தன. அவற்றில் ஒன்று கொழும்பிலும் கரையேறுகின்ற சீ-மீ-வீ 4. மத்திய கிழக்கு வழியாகச் செல்லும் தரவுகள் தாமதமாகலாம் என மைக்ரோசொப்ட் அறிவித்தது. இந்தியா, பாகிஸ்தான், வளைகுடா நாடுகளில் இணையம் மந்தமானது. தரவுகள் வேறு பாதைகளால் சுற்றிப்போயின. சில நாட்களில் அந்தச் செய்தி மறைந்துபோனது.

ஒரு மின்னஞ்சல் கால் செக்கன் பிந்தி வந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வீடியோ என்றால் கொஞ்சம் சுற்றிவிட்டு ஓடத் தொடங்கும். ஒன்லைனில் சேர்ந்து விளையாடுபவர்களுக்கு அந்தக் கால் செக்கன் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலான தூரம். எங்கள் பிள்ளைகள் இதற்கு வைத்திருக்கும் சொல் 'லாக்'. 'லாக் அடிக்குது' என்று ஒரு பிள்ளை சலித்துக்கொள்ளும்போது, பெரியவர்களாகிய நாம் அதை விளையாட்டுப் பிள்ளையின் சிணுங்கலாகவே எடுத்துக்கொள்கிறோம்.

நான் இதைப் பற்றி எழுத நினைத்ததற்குக் காரணம் உண்டு. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கூடும் இந்தப் பெரும் ஒன்லைன் விளையாட்டுகளில் சேர்வரின் கொள்ளளவு அடிக்கடி போதாமல் போகிறது. போதாதபோது யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது, யாருடைய நேரத்தைப் பிடுங்குவது என்று யாரோ ஒருவர் முடிவெடுக்கிறார். அதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். விளையாடுபவர்கள் அப்படி விடுவதில்லை. முடிவை எடுத்தது யார், அதனால் நட்டப்பட்டது யார் என்று இருபது வருடங்களாக விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த விவாதத்தில் எங்களுக்கும் எடுத்துக்கொள்ள இருக்கிறது.

அந்த விவாதம் மிக நீளமாக நடந்த இடம் 'ஈவ் ஒன்லைன்' என்ற விண்வெளி விளையாட்டு. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரிலுள்ள சிசிபி என்ற நிறுவனம் 2003இல் வெளியிட்டது. ஆயிரக்கணக்கான நட்சத்திரத் தொகுதிகள், அவற்றுக்காக அடிபடும் கூட்டணிகள், அந்தக் கூட்டணிகளுக்குள் வரி, உளவு, துரோகம் எல்லாம் உண்டு. இதன் விசேடம், உலகின் பெரும்பகுதியிலிருந்து விளையாட வருபவர்கள் அனைவரும் லண்டனில் இருக்கும் ஒரே சேர்வர் தொகுதியில், ஒரே உலகத்துக்குள் இருப்பது. அதன் பெயர் 'ட்ராங்குவிலிற்றி', அதாவது அமைதி. ஓயாமல் போர் நடக்கும் இடத்துக்கு இந்தப் பெயரை வைத்தவர் குறும்புக்காரராக இருக்கவேண்டும்.

மற்றைய விளையாட்டுகள் பெரும்பாலும் கூட்டத்தைப் பிரித்துவிடுகின்றன. 1997இல் வந்த 'அல்ற்றிமா ஒன்லைன்' அதற்கு ஒரு கதையையே கட்டியது: மாயக் கல் ஒன்று உடைந்து சிதறியதாம், ஒவ்வொரு சில்லுக்குள்ளும் உலகத்தின் ஒரு பிரதி இருக்கிறதாம், நீங்கள் இருப்பது அதில் ஒரு சில்லிலாம். 2004இல் வந்த 'வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்ட்' பல தனித்தனி உலகங்களாகவே இயங்கியது. 2019இல் அதன் பழைய வடிவத்தை மீண்டும் வெளியிட்டபோது, ஒரே உலகத்துக்குள்ளேயே ஒரே இடத்தின் பல பிரதிகளை அடுக்கடுக்காக வைத்தார்கள். நண்பர்கள் இருவர் ஒரே மரத்தடியில் நின்றாலும் ஒருவரை ஒருவர் காணமுடியாமல் போகலாம். சேர்வருக்குச் சுமை குறைகிறது. அந்தச் சுமையை ஒருவரையொருவர் தேடி அலையும் ஆட்கள் சுமக்கிறார்கள்.

பிரிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சின்னக் கணக்கொன்று போதும். ஓரிடத்தில் 100 பேர் நின்றால், ஒருவர் அசைவதை மற்ற 99 பேருக்கும் சேர்வர் சொல்லவேண்டும். எல்லோரும் அசைந்தால் கிட்டத்தட்ட 10,000 தகவல்கள். 1,000 பேர் என்றால் பத்து இலட்சம். 6,000 பேர் என்றால் மூன்றரைக் கோடிக்கும் மேல். ஆட்கள் 60 மடங்கு கூடினால் வேலை 3,600 மடங்கு கூடுகிறது. இது ஈவ் ஒன்லைனில் இன்னும் இறுக்கமானது. அதன் சேர்வர் பைத்தன் மொழியின் ஒரு வகையில் எழுதப்பட்டது. ஒரு நட்சத்திரத் தொகுதிக்குள் நடக்கும் சண்டையின் முக்கிய கணக்கு அனைத்தையும் ஒரு செயலியின் ஒரு கோர்தான் செய்யவேண்டும். பக்கத்தில் நூறு கணினிகளைக் கொண்டுவந்து வைத்தாலும் அந்தக் கணக்கைப் பங்கிட்டுக் கொடுக்கமுடியாது. பத்துப் பேருக்கு ஒரு பானையில் சமைக்கலாம். பத்தாயிரம் பேருக்கென்றால் அடுப்புகளைக் கூட்டவேண்டும். இங்கே இருப்பது ஒரே அடுப்பு.

அதனால் முந்தைய காலத்தில் பெரிய சண்டைகள் கறுப்புத் திரையில்தான் முடிந்தன. பொத்தானை அழுத்திப் பல நிமிடங்களுக்குப் பிறகு துப்பாக்கி இயங்கும், அல்லது இயங்காது. திரை திரும்ப வரும்போது கப்பல் போயிருக்கும். வோர்கிராஃப்டிலும் 2006 ஜனவரியில் 'ஆன் கிராஜ்' என்ற நகரின் வாசல் திறக்கும் நிகழ்வைப் பார்க்கக் கூடியவர்களால் சேர்வர்கள் விழுந்தன. ஆனால் ஈவ் ஒன்லைனின் கூட்டணித் தலைவர்கள் இதிலிருந்து ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். எதிரி வருமுன்னே எங்கள் ஆட்களைக் கொண்டுபோய் அந்த இடத்தை நிரப்பினால், பிந்தி வரும் எதிரிக்குத் திரையே திறக்காது. சுமை அப்படித்தான் ஆயுதமானது.

2011 ஜூனில் அதே சுமையை நிறுவனத்துக்கு எதிராகவும் திருப்பினார்கள். விளையாட்டுக்குள் அணியும் ஒற்றைக் கண்ணாடி ஒன்றுக்கு 60 டொலருக்கு மேல் விலை வைத்த கடையைச் சிசிபி திறந்திருந்தது. பேராசை நல்லதா என்று தலைப்பிட்ட உள்ளகச் செய்திமடல் ஒன்றும் கசிந்தது. விளையாட்டின் மிகப்பெரிய சந்தையான 'ஜிற்றா'வில் ஆட்கள் திரண்டு, அங்கிருந்த நினைவுச் சின்னத்தைச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அது சூட்டால் உடையக்கூடியது அல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். அதே வருடம் ஒக்ரோபரில் நிறுவனத்தின் தலைவர் ஹில்மார் பெட்டுர்சன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நிறுவனம் ஊழியர்களில் ஐந்தில் ஒரு பகுதியினரை வேலையிலிருந்து நிறுத்தியது. புதுச் சோடனைகளை விட்டுவிட்டு அடிப்படையைத் திருத்துவோம் என்ற வாக்குறுதியும் அப்போதுதான் வந்தது. கண்ணாடிக்கு விலை வைத்தவர்கள் யார், வேலையிழந்தவர்கள் யார் என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு.

ஏற்கெனவே உருவாக்கிக்கொண்டிருந்த ஒரு தீர்வை 2012இன் தொடக்கத்தில் இயக்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'டைம் டைலேஷன்'. விளையாடுபவர்கள் சுருக்கமாக 'டைடை' என்பார்கள். சேர்வரால் ஈடுகொடுக்க முடியாதபோது அந்தத் தொகுதிக்குள் நேரத்தையே மெதுவாக்குவதுதான் யோசனை. உச்சக்கட்டத்தில் நேரம் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும். ஒரு நிமிடத்தில் நடக்கவேண்டியது பத்து நிமிடம் எடுக்கும். யாரையும் வெளியே தள்ளவில்லை, யாருடைய கட்டளையையும் தொலைக்கவில்லை; எல்லோரும் ஒரேயளவு மெதுவாகிறார்கள். நான் அறிந்த சேர்வர் தீர்வுகளில் மனித நியாயத்துக்கு மிக அருகில் வருவது இதுதான் என்பேன்.

2014 ஜனவரி 27ஆம் திகதி அது பெரிய சோதனைக்கு வந்தது. பி-ஆர்5ஆர்பி என்ற தொகுதியை வைத்திருந்த தரப்பு, அந்த இடத்துக்கான வழமையான கட்டணத்தைச் செலுத்தத் தவறியது. உரிமை போனது, எதிரிகள் பாய்ந்தார்கள். சுமார் 21 மணிநேரம் சண்டை நடந்தது. மொத்தம் 7,548 பேர் பங்குபற்றினார்கள். கட்டி முடிக்க மாதக்கணக்கில் எடுக்கும் 'டைட்டன்' என்ற பெருங்கப்பல்கள் 75 அழிந்தன. இழப்பின் மதிப்பு மூன்று இலட்சம் டொலர் என்று உலக ஊடகங்கள் எழுதின. அவற்றில் சில அதற்கு 'இரத்தக்களரி' என்று தலைப்பிட்டன. அந்தச் சொல்லை ஒரு விளையாட்டுக்குக் கடன் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை; இதை வாசிக்கிற பலருக்கும் வராது. அங்கே அழிந்தது மனித உழைப்பும் நேரமும்தான். அதுவே பெரிய விடயம்.

நேரத்தைப் பகிர்ந்த விதத்தில் ஓட்டை இருந்தது. மெதுவாவது சண்டை நடக்கும் தொகுதி மட்டும்தான். வெளியே தொலைவில் இருப்பவருக்கு மணிக்கூடு சாதாரணமாகவே ஓடும். உள்ளே பத்து நிமிடச் சண்டை நூறு நிமிடமாக இழுபட, உலகின் மறுமூலையில் இருந்து உதவிப்படை சாவகாசமாக வந்து சேர்கிறது. கூட்டத்தைச் சமாளிக்கக் கொண்டுவந்த ஏற்பாடு இன்னும் கூட்டத்தை அழைத்து வருகிறது. கூட்டம் கூட, நேரம் மேலும் மெதுவாகிறது.

இன்னொன்று, 21 மணிநேரம் கணினிக்கு முன்னால் இருக்கக்கூடியவர் யார் என்பது. விளையாட்டுக் கணக்கில் அது இரண்டு மணிநேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் காலையில் வேலைக்குப் போகவேண்டியவர், பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடவேண்டிய தாய், மின்சாரம் நிச்சயமில்லாத ஊரில் இருப்பவர் நடுவில் எழுந்துதான் போகவேண்டும். எதிரி தூங்கும் நேரத்தைக் கணித்துச் சண்டையை வைப்பதும் கூட்டணிகளிடையே வழக்கம். எல்லோருடைய நேரத்தையும் ஒரேயளவு மெதுவாக்கினாலும், எல்லோரிடமும் ஒரேயளவு நேரம் இருப்பதில்லை.

2020 ஒக்ரோபரில் எஃப்டபிள்யூஎஸ்ரி-8 என்ற தொகுதியில் ஒரே நேரத்தில் 6,557 பேர் இருந்தது கின்னஸ் சாதனையானது. அந்த வருடத்தின் கடைசி நாட்களில் எம்2-எக்ஸ்எஃப்இ என்ற இடத்தில் நடந்த சண்டையில் 257 டைட்டன்கள் அழிந்தன. இழப்பு 378,012 டொலர் என்று கின்னஸ் பதிந்தது. சில நாட்களில், 2021 ஜனவரி தொடக்கத்தில், அதே இடத்தில் மீண்டும் மோதுவதற்கு இரு தரப்பும் வந்தன. காவல் காத்த தரப்பு முன்கூட்டியே உள்ளே போய் நின்றது. தாக்கவந்த தரப்பு பெரும் எண்ணிக்கையில் உள்ளே பாய்ந்தது. சேர்வர் திணறிவிட்டது. வந்தவர்களில் பலருக்குத் திரை திறக்கவேயில்லை. அவர்களுடைய கப்பல்கள் மட்டும் எதிரிகளின் கண்ணுக்கு முன்னால் தோன்றின; ஓட்டுநர் இல்லாத கப்பல்களை எதிரிகள் சுட்டார்கள்.

பத்தில் ஒரு பங்கு என்பதற்குக் கீழே நேரம் மெதுவாகாது. அந்த எல்லையைத் தாண்டினால் நியாயம் அங்கே முடிந்து, பழைய விதி திரும்பி வருகிறது: முதலில் உள்ளே இருந்தவனுக்கே இடம். பெருஞ்சமர்களில் சேர்வர் மந்தத்தால் இழந்த கப்பல்களைத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது சிசிபியின் நெடுநாள் நிலைப்பாடு. யார் லாக்கால் இழந்தார், யார் தன் பிழையால் இழந்தார் என்று பிரித்தறிவது கடினம் என்பதை நானும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் அந்தக் கூட்டத்தைத்தான் நிறுவனம் தன் விளம்பரத்தில் காட்டுகிறது. சாதனையின் புகழ் நிறுவனத்துக்கு, சாதனையின் செலவு உள்ளே நின்றவர்களுக்கு என்ற பங்கீட்டை நியாயம் என்று சொல்லமுடியவில்லை.

இதே காலத்தில் ஜப்பானிய நிறுவனமான ஸ்குவெயர் எனிக்ஸ் வேறொரு விதமாக நடந்துகொண்டது. 2021 டிசெம்பரில் 'ஃபைனல் பான்டசி 14' விளையாட்டின் புதிய பாகம் வந்தபோது, உள்ளே நுழையும் வரிசை பல மணிநேரம் நீண்டது. வரிசையில் நின்றவர்களே பிழைச் செய்தியோடு வெளியே தள்ளப்பட்டார்கள். உலகளவில் சிப் தட்டுப்பாடு இருந்ததால் புதிய சேர்வர்களை வாங்கவும் முடியவில்லை. தயாரிப்பாளர் நாவோக்கி யோஷிடா காரணத்தை விரிவாக எழுதி மன்னிப்புக் கேட்டார். பணம் கட்டியவர்களுக்கு முதலில் 7 நாட்கள், பிறகு 14 நாட்கள் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதோடு நிற்காமல், விளையாட்டின் விற்பனையையே இடைநிறுத்தி, 2022 ஜனவரி கடைசியில்தான் மீண்டும் தொடங்கினார்கள். ஏற்கெனவே வரிசையில் நிற்பவனுக்கு இடம் கொடுக்க முடியாதபோது புதியவனிடம் காசு வாங்குவதில்லை என்று ஒரு வியாபாரி முடிவெடுப்பது அபூர்வம். 2022இல் பெற்றோலுக்காக இரவிரவாக வரிசையில் நின்ற எங்களுக்கு அதன் பெறுமதி விளங்கும். அன்று எத்தனை லீற்றர் இருக்கிறது, எத்தனையாவது ஆளோடு முடியும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், கூலி வேலையை விட்டுவிட்டு நின்ற எத்தனையோ பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இதுவரை சொன்னது சேர்வருக்குள் நடப்பது. சேர்வர் எங்கே இருக்கிறது என்பது இன்னொரு பிரச்சினை. அதில் எங்கள் குடும்பங்கள் நேரடியாகவே சம்பந்தப்படுகின்றன.

அக்காவின் மகனுக்குப் பதினான்கு வயது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, பாரிஸில் இருக்கும் பெரியப்பாவின் பிள்ளைகளோடும் ஸ்காபரோவில் இருக்கும் மாமாவின் மகனோடும் தொலைபேசியில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவான். இவர்கள் நேரில் சந்தித்தது ஒரே ஒரு தடவை, ஒரு கலியாண வீட்டில். வெடிச்சத்தம் வேண்டாம் என்று அம்மம்மா சொல்வதால் காதில் ஹெட்செட் போட்டுக்கொள்வான். ஒருநாள் தோற்றுவிட்டு என்னிடம் வந்து முறையிட்டான்: "சித்தி, நான்தான் முதல் சுட்டனான். சேர்வர் நம்பேல்லை."

அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து லண்டன் நேர்க்கோட்டில் 8,700 கிலோமீற்றர் அளவில். போய்த் திரும்ப 87 மில்லிசெக்கன், அதுவும் கேபிள் நேராகப் போனால். கேபிள் கடலையும் நாடுகளையும் சுற்றித்தான் போகிறது, இடையில் எத்தனையோ சந்திகள். ஆகவே உண்மையான நேரம் அதைவிட அதிகம். கொழும்பு - ரொறன்ரோ தூரம் 14,000 கிலோமீற்றர். போய்த் திரும்பக் குறைந்தது 140 மில்லிசெக்கன். கண்ணாடி இழையால் போகும்வரை எந்தப் பொறியியலாளராலும் இந்த எண்களைக் குறைக்கமுடியாது. எங்கள் இனத்தை உலகம் முழுக்கச் சிதறவைத்த போர், இந்தப் பிள்ளைகளின் விளையாட்டுக்குள் மில்லிசெக்கன்களாக வந்து நிற்கிறது.

வேகமான துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளின் சேர்வர், உலகின் நிலையைச் செக்கனுக்கு 60, 64 தடவை, சிலவற்றில் 128 தடவை கணக்கிடும். 'வலோரன்ட்' 128 தடவை. அந்த வேகத்தில் 200 மில்லிசெக்கன் பிந்தினால் இருபத்தைந்து கணக்குகள் முடிந்துவிடும். பிந்தியவருக்கு ஈடுசெய்ய, சேர்வர் கொஞ்சம் பின்னோக்கிப் போய் 'நீ சுட்ட கணத்தில் எதிரி எங்கே நின்றான்' என்று பார்க்கும் ஏற்பாடு உண்டு. எவ்வளவு பின்னோக்கிப் போவது என்பதற்கு நிறுவனம் ஓர் எல்லை வைக்கிறது. எல்லையைக் கூட்டினால், சேர்வருக்குக் கிட்ட இருப்பவன் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் சாகிறான். குறைத்தால், தூரத்தில் இருப்பவனின் சூடு செல்லாது. யாருடைய கண்ணை நம்புவது என்பதுதான் அங்கே தீர்மானிக்கப்படுகிறது. மருமகன் அந்த எல்லைக்கு வெளியே நின்றிருப்பான்.

ஈவ் ஒன்லைனின் சேர்வரோ செக்கனுக்கு ஒரேயொரு தடவைதான் கணக்கிடுகிறது. அந்த ஒரு செக்கனுக்குள் லண்டனில் இருப்பவனின் கட்டளையும் யாழ்ப்பாணத்தில் இருப்பவனின் கட்டளையும் வந்து சேர்ந்துவிடும். தூரம் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. விளையாட்டு மந்தமாக இருக்கிறது என்று பலர் அதைக் கேலி செய்வதுண்டு. ஒரே உலகத்தில் எல்லோரையும் வைத்திருக்க முடிவதற்கு அந்த மந்தமும் ஒரு காரணம். எங்களைப்போலச் சிதறிய குடும்பங்களுக்கு எந்தவகை விளையாட்டு பொருந்தும் என்று யாராவது கேட்டால், நான் சேர்வரின் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலான நிறுவனங்கள் அதை விளம்பரத்தில் போடுவதில்லை, தேடினால் கிடைக்கும்.

நிறுவனங்கள் சேர்வர்களை வைப்பது காசு கட்டும் ஆட்கள் நெருக்கமாக இருக்கும் இடங்களில். இலங்கையில் இருப்பவர்கள் சிங்கப்பூருக்கோ மும்பைக்கோ போகவேண்டும். சிங்கப்பூர் 2,700 கிலோமீற்றர்தான், அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. மேற்கே போகும் பாதைதான் சிக்கல். அது செங்கடலுக்குள்ளால் போகிறது. 2024 பெப்ரவரியில் ஹூதிகளின் தாக்குதலுக்கு உள்ளான ரூபிமார் என்ற கப்பலின் நங்கூரம் இழுபட்டு அங்கே கேபிள்கள் அறுந்ததாக நம்பப்படுகிறது. போர் நடக்கும் கடலில் திருத்தும் கப்பலை நிறுத்துவது இலகுவல்ல. சில கேபிள்கள் மாதக்கணக்கில் அறுந்தே கிடந்தன. யேமனில் வீட்டையும் உறவையும் இழந்தவர்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையின் 'லாக்' எங்கிருந்து வரக்கூடும் என்பதற்கு அந்தக் கடலும் ஒரு பதில்.

மருமகனின் குழு தனக்கென ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறது. சனிக்கிழமை சிங்கப்பூர் சேர்வர், ஞாயிறு ஐரோப்பிய சேர்வர். சிங்கப்பூர் நாளில் ஸ்காபரோக்காரனுக்கு மோசமான லாக் என்பதால், அன்றைக்கு எத்தனை மணிக்குத் தொடங்குவது என்று அவன்தான் சொல்லவேண்டும். இப்போது அது இங்கே இரவு ஏழரை, அங்கே காலை பத்து. பாரிஸில் இருப்பவர்களுக்கு எந்த நாளும் பெரிய கஷ்டமில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் குழுவில் யாரும் எடுக்க விரும்பாத மருத்துவப் பையைத் தூக்குவது எப்போதும் அவர்களுடைய வேலை.